சுடாத துப்பாக்கியில் தொடங்கிய படை: யார் இந்த கேப்டன் லட்சுமி?

நேதாஜி தொடங்கிய பார்வர்ட் பிளாக் கட்சி பலமுறை ஜெயித்த தொகுதி உசிலம்பட்டி. அதே நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவை வழிநடத்தியவர் நம்ம சென்னைப் பொண்ணுதான்: லட்சுமி சுவாமிநாதன்.

1914-ல் பிறந்தவர். 1938-ல் சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1940-ல் சிங்கப்பூர் போய் டாக்டராக வேலை பார்த்தார்.

துப்பாக்கி எப்படி கைக்கு வந்தது?

1943 ஜூலை 12. சிங்கப்பூரில் பெண்கள் கூட்டத்துக்கு நேதாஜி வருகிறார். அவருக்குப் பெண்களே ராணுவ அணிவகுப்பு மரியாதை தரவேண்டும் என்று ஏற்பாடு. லட்சுமி 20 பெண்களைத் திரட்டினார். கையில் கிடைத்ததோ .303 ரைபிள். கிட்டத்தட்ட 4 கிலோ எடை. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய ரகம். சில நாள்தான் அவகாசம். அதனால் சுடுவதற்கு முன்பே தூக்குவது, தோளில் சாய்ப்பது, மரியாதை செலுத்துவது எனப் பழகினார்கள். ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. ஆனால், பெண்களால் முடியுமா என்ற கேள்வி அங்கேயே அடிபட்டுப் போனது.

அப்புறம்?

அக்டோபரில் ஜான்சி ராணி படை முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். முறையான பயிற்சி பெற்று பர்மா வரை போனார்கள். இம்பால் போர்முனையில் மட்டும் அவர்களை இறக்கவில்லை.

1945-ல் பர்மாவில் பிடிபட்ட லட்சுமி, 1946-ல் இந்தியா திரும்பினார். பிறகு கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். 2012-ல் மறைந்தார்.

இன்று பெண் ராணுவ அதிகாரியைப் பார்த்து நாம் ஆச்சரியப்படுவதில்லை. அதற்கான முதல் அடிகளில் ஒன்று, குண்டு போடாத அந்த ரைபிள்கள்.