பன்றி ஊர்வலம் விட்ட டீ வியாபாரி

டீப் பொட்டலத்தில் லிப்டன் என்ற பெயரைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்கு உரியவர் தாமஸ் லிப்டன். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி அயர்லாந்திலிருந்து வந்த ஏழைப் பெற்றோரின் பிள்ளை.

சிறு வயதிலேயே கப்பலேறி அமெரிக்கா போனார். தோட்டங்களில் கூலி வேலை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஒரு பெரிய கடையின் மளிகைப் பகுதியில் வேலை கிடைத்தது. சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்ற வித்தையை அங்கே கற்றார்.

ஊர் திரும்பி, 1871-ல் சொந்தக் கடை திறந்தார். கொழுத்த பன்றிகளை ரிப்பன் கட்டிச் சிங்காரித்து, லிப்டன் கடைக்குப் போவதாக எழுதிய பதாகையுடன் வீதி வீதியாக ஓட்டச் செய்தார். ஒவ்வொரு முறையும் வேறு வீதி! ஊரே கூடி நின்று சிரித்தது.

கடையில் இரண்டு கண்ணாடிகள். உள்ளே போகிறவர் ஒன்றில் ஒட்டி உலர்ந்து தெரிவார். வெளியே வருகிறவர் மற்றொன்றில் கொழுகொழுவென்று தெரிவார்.

1881 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவிலிருந்து ராட்சதப் பாலாடைக் கட்டி ஒன்றை வரவழைத்து, அதற்குள் தங்கக் காசுகளைப் புதைத்து விற்றார். கூட்டத்தை அடக்கப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. காசு தொண்டையில் சிக்கும் என்று பின்னர் ஓர் எச்சரிக்கை பிறந்தபோது, அதையே விளம்பரமாக்கிவிட்டார்!

இந்த விளம்பரங்கள் ஏன் மறக்கவில்லை? பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல அவற்றில் ஒரு கதை இருந்தது.

1890-ல் லிப்டன் இலங்கை வந்தார். நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்து, நிலம் மலிவாகக் கிடைத்த காலம். தம்பதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தரகர் இல்லாமல், தோட்டத்திலிருந்து நேரே கெண்டிக்கு வரும் டீ என்று விளம்பரம் செய்தார். ராத்தல் 1 ஷில்லிங் 7 பென்ஸ். ஏழை வீட்டு அடுப்பிலும் டீ கொதித்தது.

விளம்பரப் படங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் காட்சி தந்தாள். அவள் நம் தமிழ்நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் மகள். மலைக் குளிரும், அட்டைக் கடியும், ஒற்றை அறை லயமும் மட்டும் படத்தில் இல்லை.

ஐந்து முறை அமெரிக்கா கோப்பைப் படகுப் பந்தயத்தில் போட்டியிட்டு, ஐந்திலும் லிப்டன் தோற்றார். ஆனால் தோல்வியைச் சிரித்தபடி ஏற்ற அவர் பெயர் அமெரிக்கா எங்கும் பரவியது. அதுவும் ஒரு விளம்பரமே.

திருமணம் செய்துகொள்ளாத லிப்டன் 1931-ல் காலமானார். செல்வத்தின் பெரும் பகுதியைக் கிளாஸ்கோவுக்கே எழுதிவைத்தார். அப்புத்தளை மலையில் அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்த இடம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதைச் சுற்றிக் கொழுந்து பறித்தவர்களின் பெயர் எந்தப் பொட்டலத்திலும் இல்லை.