பதினேழு வயசில் ஆறாம் வகுப்பு

  

இந்த மாத சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். தலைவர்கள், விஞ்ஞானிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் ஒரு கதைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அசிங்கமான வாத்துக்குஞ்சு, குட்டிக் கடல்கன்னி, ராஜாவின் புது ஆடை இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைகள். எழுதினவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். அவரை ஏன் எடுத்தேன் என்று நடுவில் சொல்றேன்.

டென்மார்க் நாட்டில் ஒடென்ஸ் என்ற ஊரில் 1805 ஏப்ரல் 2-ஆம் தேதி பிறந்தார். அப்பா செருப்புத் தைக்கிறவர். அம்மா ஊர்த்துணி துவைக்கிறவர். ஒரே ஒரு அறைதான் வீடு. செத்துப்போன ஒரு பிரபுவின் சவப்பெட்டியைத் தாங்கியிருந்த மரச்சட்டத்தை வாங்கி அப்பா கட்டில் செய்தாராம். அதில் கறுப்புத்துணி கூட ஒட்டிக்கொண்டிருந்தது என்று அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கார். ஆனால் அந்த அறையில் புத்தகம் இருந்தது. ராத்திரியில் அப்பா ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை வாசித்துக் காட்டுவார். பொம்மை நாடக மேடையும் செய்து கொடுத்தார்.

பாட்டி, ஊர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே ஏழைக் கிழவிகள் உட்கார்ந்து நூல் நூற்பார்கள். பையன் போய் உட்கார்ந்தால் பேய்க்கதை, ராஜா கதை, மந்திரக் கதை எல்லாம் சொல்வார்கள். கேட்டுவிட்டு, இருட்டின பிறகு வெளியே வரவே பயப்படுவாராம். (நம்ம வீட்டுப் பாட்டிகள் சொல்ற முனி கதையைக் கேட்டவங்களுக்கு இது புரியும்!) யாரும் எழுதி வைக்காத கதைகள் அவை. அவர் தலைக்குள்ளேயே இருபது வருஷம் கிடந்தன.

அப்பா போருக்குப் போய், உடம்பு கெட்டுத் திரும்பி, 1816-இல் இறந்துவிட்டார். பையனைத் தையல் வேலைக்கு விட அம்மாவுக்கு ஆசை. பையனுக்கோ நாடகத்தில் சேர ஆசை. அழுது கேட்டதால் அம்மா ஒரு குறி சொல்லும் கிழவியிடம் போனார். இவனுக்காக ஒரு நாள் ஒடென்ஸ் ஊரே விளக்கேற்றும் என்று கிழவி சொல்லிவிட்டாள். அம்மா சம்மதித்தார். 1819-இல், பதினாலு வயசில், தனியாகத் தலைநகர் கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தார்.

அங்கே பாட்டு கற்றார், குரல் உடைந்தது. நடனம் கற்றார், உடம்பு வளையவில்லை. நாடகம் எழுதிக் கொடுத்தார், படிப்பு போதாது என்று திருப்பித் தந்தார்கள். ஆனால் அரசு நாடகசாலை நிர்வாகிகளில் ஒருவரான யோனாஸ் கொலின் என்ற நல்ல மனிதர், அரசர் உதவியோடு அவரைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஏற்பாடு செய்தார். அது 1822. ஆண்டர்சனுக்கு வயசு பதினேழு. சேர்த்த வகுப்பில் இருந்தவர்களுக்குப் பதினொன்று. நம்ம ஊர்க் கணக்கில் ஆறாம் வகுப்பு!

இங்கேதான் என் காரணம் வருது. எனக்கு ஒன்பதாம் வகுப்பில் இது இரண்டாவது வருஷம். போன வருஷம் என்னை அண்ணா என்று கூப்பிட்டவர்கள் இப்போ பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. தப்பில்லை. ஆனாலும் முதல் வாரம் மதியச் சாப்பாட்டைத் தனியாத்தான் சாப்பிட்டேன். எனக்கு ஒரே ஒரு வயசு வித்தியாசம். அவருக்கு ஆறு. அந்தப் பக்கத்தை நான் நாலு தடவை படித்தேன்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் எல்லார் முன்னாடியும் அவரைக் கேலி செய்வார். கவிதை எழுதக் கூடாது என்று தடை. சாகப்போகும் ஒரு குழந்தையைப் பற்றி அவர் எழுதின கவிதையையும் மட்டம் தட்டினார். வயசான பிறகும் அந்தத் தலைமையாசிரியர் கெட்ட கனவாக வந்ததாக டைரியில் எழுதியிருக்கார். ஆனால் அதே பள்ளியில் இருந்த ஓர் இளம் ஆசிரியர் பொறுக்க முடியாமல் கொலினிடம் போய் நடந்ததைச் சொன்னார். 1827-இல் அங்கிருந்து விடுதலை. தனியாகப் படித்து, அடுத்த வருஷமே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறிவிட்டார். அந்தக் கவிதையும் பத்திரிகையில் வந்துவிட்டது.

1835-இல் முதல் கதைப்புத்தகம் வந்தது. சின்னப் புத்தகம், நாலே கதைகள். மூன்று, சின்ன வயசில் கேட்ட நாட்டுப்புறக் கதைகள். நாலாவது அவரே கற்பனை செய்தது. நாம பேசுற மாதிரியே எழுதியிருந்தார். விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. பேச்சு நடை கூடாது, நீதி எங்கே என்று கேட்டார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான்! ராஜாவின் புது ஆடை அவர் சொந்தக் கதை இல்லை, பழைய ஸ்பெயின் கதை. ஆனால் கடைசியில் ஒரு குழந்தை உண்மையைப் போட்டு உடைக்குதே, அது இவர் சேர்த்தது. அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் சேர்த்தார்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் நாட்டுப்புறக் கதைகளைத் தேடிச் சேர்த்தார்கள். ஆண்டர்சன் அந்த மாதிரிக் கதைக்குள்ளே தன் வாழ்க்கையை வைத்தார். தீக்குச்சி விற்கும் சிறுமி கதை 1845-இல் வந்தது. அவருடைய அம்மாவைச் சின்ன வயசில் பிச்சை எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். உதவாக்கரை என்று ஊர் ஏசுகிற ஒரு சலவைக்காரியின் கதையும் உண்டு. குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்பவள், சூட்டுக்காகக் கொஞ்சம் குடிப்பாள். அதுவும் அவர் அம்மாதான். ஆனால் அம்மா 1833-லேயே இறந்துவிட்டார். மகனுடைய ஒரு கதைப்புத்தகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

மனிதர் கொஞ்சம் விசித்திரமும்தான். தீப்பிடித்தால் ஜன்னல் வழியாக இறங்க, பயணத்தில் ஒரு கயிறு கொண்டுபோவார். கதை சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் காகிதத்தில் பொம்மை வெட்டுவார். 150-க்கும் மேற்பட்ட கதைகள் எழுதி, 1875 ஆகஸ்ட் 4-இல் இறந்தார். அவர் பிறந்த நாளைத்தான் 1967 முதல் உலக குழந்தைகள் புத்தக தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

குறி சொன்ன கிழவியை மறந்துடாதீங்க. 1867 டிசம்பர் 6-ஆம் தேதி, அவரைக் கௌரவக் குடிமகனாக்கி, ஒடென்ஸ் ஊரே நிஜமாகவே விளக்கேற்றியது. மக்கள் தீவட்டி ஊர்வலம் வந்தார்கள். 62 வயசு ஆண்டர்சன் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தார். ஆனால் அன்றைக்குன்னு பார்த்து அவருக்குத் தாங்க முடியாத பல்வலி! குளிர்காற்று பட்டுப் பட்டு இன்னும் வலித்ததாம்.

அவர் கதைப்புத்தகம் நம்ம நூலகத்தில் ஒன்றுதான் இருக்கு. இப்போ என்கிட்ட. வெள்ளிக்கிழமை திருப்பிடுவேன்.