செகண்ட் ஹேண்ட் வண்டியை அக்கு வேறு ஆணி வேறாக பிரித்தவர்! ஓட்டல் சர்வர் ஜி.டி.நாயுடு பஸ் முதலாளி ஆன கதை

ஏரல்,-

செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்குவது ஏரல் பக்கம் புதுசு இல்லை. வாழைத்தார் ஏற்ற, கடைக்கு சரக்கு எடுக்க, ஆசைக்கு ஓட்ட என்று பழைய பைக்கையும் காரையும் வாங்குகிறவர்கள் ஏராளம். வாங்கும்போது விலை குறைச்சல்தான். அப்புறம் ரிப்பேருக்கு கொட்டிக்கொடுத்தே கை காலியாகி விடும்.

இப்படி ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அதையே தனக்கு பள்ளிக்கூடமாக ஆக்கிக்கொண்டவர் கோவை ஜி.டி.நாயுடு.

மயக்கிய மோட்டார் சைக்கிள்

கோவை அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி பிறந்தவர் துரைசாமி நாயுடு. சின்ன வயதிலேயே தாயை இழந்தார். படிப்பு ஏறவில்லை. ஆரம்பப் பள்ளியோடு சரி.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்த துரைசாமிக்கு தூக்கம் போச்சு. அது இங்கிலாந்தின் ரட்ஜ் கம்பெனி வண்டி. சாதாரண வண்டி அல்ல. 1914-ம் ஆண்டு மான் தீவில் நடந்த பெரிய பந்தயத்தில் ஜெயித்தது ரட்ஜ் வண்டிதான். அன்றைய வேகப்புலி!

வாங்க காசு? கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்று வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி காசு சேர்த்தார். அந்த அதிகாரியைத் தேடிப் போய் அதே வண்டியை வாங்கினார். விலை 300 ரூபாய் என்பார்கள்.

வாங்கியவர் ஊரைச் சுற்றி பந்தா காட்டவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். எந்த பாகம் எதுக்கு என்று பார்த்தார். திரும்ப மாட்டினார். இன்று மாதிரி தெருவுக்குத் தெரு மெக்கானிக் இல்லாத காலம் அது. சொல்லிக்கொடுக்க வாத்தியார் கிடையாது. வண்டிதான் வாத்தியார்!

ஒரே ஒரு பஸ்

1920-ம் ஆண்டு, தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் பணம் கொடுத்து உதவ, ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சி-பழனி ரூட். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

பஸ் ஓடினால்தான் வரும்படி. வழியில் மக்கர் பண்ணினால் அன்றைய பிழைப்பு போச்சு. பிரித்துப் பார்த்த கை அங்கே கை கொடுத்தது. சில வருஷத்தில் யு.எம்.எஸ். என்ற பெயரில் பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. சொந்தமாக ஒர்க்ஷாப்பும் வைத்தார்.

1937-ம் ஆண்டு பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்சார மோட்டாரை தயாரித்தார். பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், மண்எண்ணெயில் சுற்றும் மின்விசிறி என்று கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன.

கைவிட்ட கார்

1952-ம் ஆண்டு 2 பேர் போகக்கூடிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை வெறும் 2 ஆயிரம் ரூபாய். ஏழை பாழைகளும் கார் ஓட்டலாம் என்பது கணக்கு. ஆனால் அரசு லைசென்சு கிடைக்கவில்லை. கார் கனவு அதோடு நின்றது.

தொழில்படிப்பு வேண்டும் என்று 1945-ம் ஆண்டிலேயே கோவையில் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமாக இருந்தவர் அவர். படிக்காதவர் போட்ட விதை அது.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி மறைந்தார். அவர் பெயர் சொல்லும் கார் மியூசியம் 2015-ம் ஆண்டு கோவையில் திறக்கப்பட்டது. காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய வயசான கார்கள் அங்கே பளபளவென்று நிற்கின்றன. 2025-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட கோவை அவினாசி ரோடு மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

ஏரல்காரர்களுக்கு இதில் பாடம் உண்டு. 2023-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை யாரும் மறக்கவில்லை. தண்ணீர் புகுந்த என்ஜினை பதறிப்போய் ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ராடு வளைந்து விடும். சின்ன செலவு பெரிய செலவாகி விடும். முதலில் பிளக்கைக் கழற்றி தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றினால் பிழைக்க வழி உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர் சாவியை மட்டும் வாங்கினால் போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமைதான் ஓட்டல் சர்வரை பஸ் முதலாளி ஆக்கியது.