தினம் ஒரு தசகம்!

மாதக்கணக்கில் படுத்த படுக்கையா? 'எப்போது எழுந்து சமையற்கட்டுக்குப் போவோம்' என்று ஏங்குகிறீர்களா? மேல்பத்தூர் நாராயண பட்டத்திரியைக் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள்.

16-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் பிறந்த மகாபண்டிதர் அவர். தம் குரு அச்சுத பிஷாரடியின் வாத நோயைத் தாமே வேண்டி ஏற்றுக் கொண்டார் என்பர். கை கால் முடங்கிய நிலையில் குருவாயூர் சந்நிதிக்கு வந்தவர், ஸ்ரீமத் பாகவதத்தைச் சுருக்கி, நாளுக்கு ஒரு தசகமாகப் பாடத் தொடங்கினார். அதுவே நாராயணீயம்.

வலி உடனே போய்விடவில்லை. தசகங்களின் முடிவில் நோயைத் தீர்க்கும்படி அப்பனிடம் மன்றாடுகிறார். ஆனாலும், ஒவ்வொரு நாளும் அவருக்கென்று ஓர் ஆனந்தம் காத்திருந்தது. 45-வது தசகத்தில் கண்ணன் தவழ்கிறான். 47-ல் யசோதை அவனை உரலில் கட்டுகிறாள். நோயில் கட்டுண்டவர் அதைப் பாடினார்! 69-ல் ராசக்ரீடை. கால் முடங்கியவரின் பாட்டில் கோபியரின் நடனம்!

நூறாம் நாள், பகவானைக் கேசாதிபாதமாகத் தரிசித்துப் பாடி நிறைவு செய்தார். நோயும் நீங்கியது என்பது ஐதீகம். பின்னர் பல்லாண்டு வாழ்ந்து, 'பிரக்ரியா சர்வஸ்வம்' என்ற இலக்கண நூலையும் அருளினார்.

மருந்து மருந்தாக நடக்கட்டும். நீங்களும் நூறாம் நாளையே எண்ணிக் கொண்டிராமல், இன்று ஒரு தசகம் படியுங்கள். முடியவில்லையா? பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்றைய ஆனந்தம் இன்றைக்கே கிடைக்கும்!