பிரதம நீதிபதி ஜான் மார்ஷல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுப்ரீம் கோர்ட்டில் 34 ஆண்டுகள் தலைமை வகித்த ஜான் மார்ஷல் கலாசாலையில் அதிகம் பயின்றவரல்லர். 1755-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் வர்ஜீனியாவில், பதினைந்து மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். வாஷிங்டனின் சேனையில் சேர்ந்து சுதந்திரப் போரில் ஈடுபட்டார். 1780-இல் சிறிது காலமே சட்ட விரிவுரைகள் கேட்டு வக்கீலானார்.

1800-இல் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் அவரை வெளிநாட்டு மந்திரியாக்கினார். அவ்வாண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் தோற்க, எதிர்க்கட்சித் தலைவர் ஜெபர்ஸன் வென்றார். ஜெபர்ஸனும் மார்ஷலும் தூரத்து உறவினர். உறவுக்குள் மூண்ட பகைக்கு ஆயுள் அதிகம் என்பது நாம் அறியாததன்று! பதவி விட்டு இறங்குமுன் ஆடம்ஸ் தம் மந்திரியையே பிரதம நீதிபதியாக்கினார். 1801 பிப்ரவரி 4 முதல் ஒரு மாதம் மார்ஷல் இரு பொறுப்பையும் வகித்தார். அக்காலத்தில் ஆடம்ஸ் பலரை அவசரமாகச் சமாதான நீதிபதிகளாக நியமித்தார். முத்திரை வைக்கப்பெற்ற பத்திரங்களுள் சில உரியவர் கைக்குச் சேரவில்லை. புதிய அரசாங்கமும் தர மறுத்தது. ஏமாந்தவருள் ஒருவரான வில்லியம் மார்பரி சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்.

பத்திரத்துக்கு முத்திரை வைத்தவரும் அதனை அனுப்பத் தவறியவரும் மார்ஷலே. சிலவற்றைக் கொண்டு சென்ற அவர் தம்பி ஜேம்ஸ் சாட்சிப் பத்திரமும் அளித்தார். ஓர் அலுவலகத்தில் தபால் தவறினால், அதைக் கையாண்ட குமாஸ்தாவையே விசாரணை அதிகாரியாக நியமிப்பாரில்லை. எனினும் மார்ஷல் விலகவில்லை.

1803 பிப்ரவரி 24-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. மார்பரிக்கு உரிமை உண்டு. ஆனால் அவ்வழக்கை நேரே சுப்ரீம் கோர்ட்டில் தொடுக்க இடமளித்த 1789-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்பது அதன் சாரம். ஆடம்ஸ் நியமித்தவர் வெறுங்கையுடன் திரும்பினார். ஜெபர்ஸனுக்கோ மீறுவதற்கு ஓர் உத்தரவும் இல்லை. மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனும் தன் வீட்டு வழக்கைத் தானே தீர்த்தான். நஷ்டம் அவனுடையதாகையால் எவரும் குறை கூறவில்லை. மார்ஷலை அவ்வாறு சொல்லிவிட முடியாது. இழந்தவர் மார்பரி, சட்டத்தையே தள்ளும் அதிகாரத்தை அடைந்தது மார்ஷலின் நீதிமன்றம். முடிவு எத்துணைச் சிறந்ததாயினும், அன்று அவர் ஆசனத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

விலகும் முறையை அவர் அறியாதவரல்லர். ஆறே நாட்களில் வந்த ஸ்டூவர்ட் வழக்கைக் கீழ்க்கோர்ட்டில் தாமே விசாரித்திருந்தமையால் ஒதுங்கிக்கொண்டார். 1816-இல் பேர்பாக்ஸ் நிலவழக்கிலும், தம் குடும்பத்துக்கு அந்நிலங்களில் பங்கிருந்ததால், அமரவில்லை. ஆனால் 1807-இல், தாம் விசாரிக்கவிருந்த ஆரன் பர் விருந்தினராக வந்த வீட்டில் தாமும் உணவருந்திப் பழிச்சொல்லுக்கு ஆளானார்.

ஜெபர்ஸனும் அவருக்குப் பின்வந்த மாடிஸனும் தம் கட்சியினரையே நீதிபதிகளாக்கினர். 1812-இல் எழுவருள் ஐவர் அவர்கள் நியமித்தவரே. ஆயினும் நீதிபதிகள் அனைவரும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் உண்டு, வழக்குகளைப் பேசி வந்தனர். பெரும்பாலான தீர்ப்புகள் ஒருமித்தே வெளிவந்தன. அக்கோர்ட்டு தனக்கென நடத்தை விதிகளை எழுதி வெளியிட்டது 2023 நவம்பரில்தான். விலகுவதா என்பதை அப்போதும் அந்தந்த நீதிபதியிடமே விட்டது.

1835 ஜூலை 6-ஆம் நாள் பிலடெல்பியாவில் மார்ஷல் காலமானார். ரிச்மண்டில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். கல்லறை வாசகத்தை இறப்பதற்கு இரு நாள் முன்னர் தாமே எழுதினார். பெற்றோர் பெயர், பிறப்பு, மணம், இறப்பு இவை மட்டுமே அதில் உள்ளன, பதவி குறிக்கப்படவில்லை.