உரோமாபுரி அறிஞர் செனேக்கா

நல்லொழுக்கத்தையும் ஊழின் வன்மையையும் குறித்து எழுதிய உரோமாபுரி அறிஞர் பலருள்ளும், தம் எழுத்தாலேயே கடுமையாகச் சோதிக்கப்பட்டவர் செனேக்கா எனலாம். இவர் கிறிஸ்து பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர், ஸ்பெயின் தேசத்துக் கொர்துபா நகரில், சொல்வன்மை மிக்க தந்தையார்க்கு மக்கள் மூவருள் நடுவராகத் தோன்றினார். இளமையிலேயே நோயாளர். ஆசிரியர் உரை கேட்டுப் புலாலுணவை ஓராண்டு விலக்கியிருந்து, தந்தையார் விருப்பத்தின்பொருட்டு மீட்டும் மேற்கொண்டார்.

கி. பி. 41-ல் கிளாடியஸ் சக்கரவர்த்தி, அரசகுலப் பெண்ணொருத்தியோடு இவரை இணைத்தெழுந்த பழியை ஏற்று, கார்சிகாத் தீவுக்கு ஓட்டினான். எட்டாண்டு ஆங்கிருந்தார். தம்மைப் பிரிந்து வருந்திய அன்னையார்க்கு, எந்நாட்டிலிருப்பினும் வானமும் நற்குணமும் உடனிருக்கும் என்று தேற்றி நூலெழுதியவர், அத்தீவிலிருந்தே அரண்மனைப் பணியாளன் ஒருவனுக்கு எழுதியபொழுது, தம்மை ஓட்டிய மன்னனை அளவிறந்து புகழ்ந்தார். பெரியோர்க்கும் தளர்ச்சி உண்டு போலும்!

49-ல் அரசி அகிரிப்பினா இவரை மீட்பித்துத் தன் மகன் நீரோவுக்கு ஆசிரியராக்கினாள். 54-ல் நீரோ 16 வயதில் அரியணை ஏறினான். செனேக்காவும் படைத்தலைவர் புர்ரஸும் துணைநிற்க, முதற்சில ஆண்டுகள் ஆட்சி செவ்வனே நடந்தது. இளமன்னனுக்கு அருளுடைமையைப் புகட்டத் தனிநூலும் இயற்றினார். ஆயினும் 59-ல் அவன் தாயைக் கொல்வித்தான். அக்கொலைக்கு அமைதி கூறி ஆட்சிமன்றத்திற்குச் சென்ற ஓலையை எழுதியவர் செனேக்காவே என்பர். மாணாக்கன் தீநெறிச் சென்றவழி ஆசிரியன் படும் துயரம் இத்தொழிலிலுள்ள எம்போல்வார்க்கு நன்கு விளங்கும். எனினும் அவ்வோலையை எம்மால் ஏற்க இயலவில்லை.

வறுமைக்கு அஞ்சாதிருக்கக் கற்பித்த இவர் நான்காண்டு அரச நட்பில் 30 கோடி செஸ்டர்ஸ் நாணயம் ஈட்டியது எங்ஙனம் என்று, 58-ல் சுயில்லியஸ் என்பான் வெளிப்படையாகவே இகழ்ந்தான். அறிஞன் செல்வத்தை ஆளலாம், அதற்கு ஆட்படலாகாது என்பது செனேக்காவின் கொள்கை. 62-ல் புர்ரஸ் இறந்தபின், தம் பொருளனைத்தையும் திருப்பியளித்து விடைபெற வேண்டினார். நீரோ தழுவி மறுத்தான். அதன்பின் பெரும்பாலும் ஒதுங்கிவாழ்ந்து, நண்பர் லூசீலியஸுக்குக் கடிதங்கள் வரைந்தார், 124 கிடைத்துள்ளன. அடிமையரும் நம்போன்ற மக்களே என்பதும், சிலநாள் எளிய உணவும் முரட்டுடையும் கொண்டு பழகினால் வறுமையச்சம் நீங்குமென்பதும் அவற்றுட் காணலாம்.

65-ல் பிசோவின் சூழ்ச்சியில் இவர்க்கும் பங்குண்டென்று, உயிர்விடுமாறு நீரோவின் ஆணை வந்தது. அழுத நண்பரைத் தேற்றிவிட்டுக் குருதிக்குழாய்களை அறுத்துக்கொண்டார். மனைவி பவுலினாவும் உடனிறக்கத் துணிந்தாள். அவளை மன்னன் ஆணையாற் காவலர் காப்பாற்றினர். முதுமையால் மெலிந்த உடம்பினின்று குருதி விரைந்து வடியவில்லை, நஞ்சும் பயன்படவில்லை. இறுதியில் வெந்நீராவியில் மூச்சடங்கினார். யாதொரு சடங்குமின்றி உடலை எரித்தனர். செல்வமும் அதிகாரமும் உச்சத்திலிருந்த நாளிலேயே, தம் இறுதி முறியில் அவ்வாறு எழுதிவைத்திருந்தாராம்.