டால்ஸ்டாய் பண்ணை கொண்ட கல்லன்பாக்

நம் விருதுநகர்ப் பக்கத்தில் நிலம் வாங்கப் போவோர் முதற்கண் கிணற்றையே எட்டிப் பார்ப்பர். கரிசற்காட்டில் எத்துணை ஏக்கர் இருப்பினும், ஊற்றில்லாத நிலத்துக்கு விலையில்லை. ஹெர்மன் கல்லன்பாக் என்பார் 1910-ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் வாங்கிய பண்ணையில் இரண்டு கிணறுகளும் ஓர் ஊற்றும் இருந்தன. பரப்பு 1,100 ஏக்கர். பழமரங்கள் ஏறத்தாழ ஆயிரம். குன்றின் அடியில் ஐந்தாறு பேர் தங்கத்தக்க பழைய வீடொன்று. இத்தனையும் அவர் தமக்கென வாங்கினாரல்லர். ஆதலின் அவர் சரிதையை ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

கல்லன்பாக் 1871-இல், இன்று லித்துவேனியாவைச் சேர்ந்த ஓர் ஊரில், யூதர் குடியிற் பிறந்தார். ஜெர்மனியிற் கட்டிடக்கலை பயின்று, 1896-இல் ஜோகன்னஸ்பர்க் நகரையடைந்து செல்வராயினார். வீட்டு வாடகை நீங்கலாகத் தம் ஒருவர்க்கே மாதம் 1,200 ரூபாய்க்கு மேற் செலவிட்ட அவர், காந்தியடிகளின் நட்புக்குப் பின் 120 ரூபாயில் வாழக் கற்றார்.

அக்காலத்து டிரான்ஸ்வாலில் இந்தியரை இழிவுபடுத்திய பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. மீண்டும் மீண்டும் சிறை புகுந்தோருள் தமிழரே மிகுதி. அவர்தம் மனைவி மக்கட்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தனர், நிதியோ வற்றிக்கொண்டிருந்தது. அனைவரும் ஓரிடத்தில் உழைத்து உண்டாலன்றிப் போர் நில்லாது என்னும் நிலையில், கல்லன்பாக் தம் பண்ணையை வாடகையின்றி ஈந்தார். ருஷிய ஞானியின் பெயரால் அது டால்ஸ்டாய் பண்ணையாயிற்று.

பழைய வீடு போதாமையால் தகரக் கொட்டகைகள் எழுந்தன. ஆடவர்க்கு வேறு, பெண்டிர்க்கு வேறு. கட்டிடம் வல்லவரான கல்லன்பாக்கே மேற்பார்த்தார். ஊற்று வீடுகளுக்கு எட்ட இருந்தமையால், தண்ணீரைக் காவடியிற் சுமந்து வந்தனர். (காவடி அங்கும் நம்மவரைத் தொடர்ந்தது போலும்!) தம்பி நாயுடு துப்புரவுப் பணியையும் சந்தைச் செலவையும் ஏற்றார். சொந்தக் காரியமாக நகர் செல்வோர் 21 மைலும் நடந்தே செல்லல் வேண்டும். பொதுக் காரியமாயின் மூன்றாம் வகுப்பு ரயில். டிராப்பிஸ்ட் துறவியர் மடத்திற் செருப்புத் தைக்கக் கற்றுவந்த கல்லன்பாக் அதனைக் காந்தியடிகட்கும் பிறர்க்கும் கற்பித்தார். சிறுவர்க்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு காந்தியடிகள்மேல் வீழ்ந்தது. அவர்க்குத் துணையாயிருந்தது போப்பையர் எழுதிய தமிழ்க் கைந்நூல். தமிழ் பயிலும் எமக்கு இச்செய்தி தனி உவகை தருவதாகும்.

உணவில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அங்கிருந்த கிறிஸ்தவரும் முகம்மதியரும் புலால் உண்டு பழகியவர். அவர்களை வற்புறுத்துவது அறமன்றெனக் கருதிய காந்தியடிகள், அவர்தம் விருப்பத்தையே வினவினார். மரக்கறியொன்றே சமைக்கும் பொது அடுக்களைக்கு அவர்கள் தாமே இசைந்தனர். அவ்விசைவு எம்மவர்க்குப் பெருமையே என்போம்.

பாம்புகளைக் கொல்லலாகாதென எண்ணிய கல்லன்பாக், நாகமொன்றைப் பிடித்துக் கூண்டிலிட்டுத் தம் கையால் உணவூட்டினார். சிறுவர் அஞ்சவில்லையாம், எமக்கு அத்துணிவு வாராது.

1913-இன் தொடக்கத்தில் பண்ணைவாசிகள் பீனிக்ஸ் குடியிருப்புக்குச் சென்றனர். அவ்வாண்டுப் போராட்டத்திற் கல்லன்பாக் தாமும் சிறை புகுந்தார். 1914-இற் காந்தியடிகளுடன் இந்தியா வரப் புறப்பட்டவரை, உலகப்போர் மூண்டமையால், ஜெர்மானியர் என்று இங்கிலாந்து அரசு தடுத்து மான் தீவிற் காவலில் வைத்தது. 1937-இலேதான் அவர் இந்திய மண்ணை மிதித்தார். இடையிற் கழிந்தவை 23 ஆண்டுகள். 1939-இல் மீண்டும் வந்து நண்பரைக் கண்டு, 1945-இல் ஜோகன்னஸ்பர்க்கில் உயிர் நீத்தார்.